விமான டிக்கெட்டில் எண்ணெய்க் கணக்கு

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், வெளிநாடு செல்லும் ஆகாய விமான டிக்கெட்டில் வசூலிக்கப்படும் எரிபொருள் சர்சார்ஜ் என்பதைப் பற்றியதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "பஸ்ஸுக்கே சில்லறை தேடுகிற நமக்கு ஆகாய விமானத்தின் எண்ணெய்க் கணக்கு எதற்கு?" என்று ஒரு தோழர் வாசலிலேயே நம்மைக் கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஆனால், நம் பக்கத்து வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் போகவும் வரவும் பணம் கட்டுகிறவர்கள் யார்? சீமான்களா? நகையை அடகு வைத்தவர்களும், வட்டிக்கு வாங்கினவர்களுந்தானே! ஆகவே இது பணக்காரர் விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

நாம் கல்லூரிப் படி ஏறினவர்களல்ல; விமானக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்தவர்களுமல்ல. ஆனால் பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்பதற்குப் பட்டம் வேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறோம். நாம் சொல்லுவதால் மாத்திரம் நம்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருக்கும் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

இந்த விஷயத்தில் நமக்குப் புத்தி வந்தது எப்படியென்று முதலில் சொல்லிவிடுகிறோம். நமக்கு வேண்டிய ஒரு பெரியவர், கடல் கடந்திருக்கும் தம் மகனைப் பார்த்துவர 25,000 ரூபாய்க்குப் போகவர டிக்கெட்டு வாங்கினார். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு அவர் மனைவி நோயில் படுத்துவிட்டதால் பிரயாணம் நின்றுபோயிற்று. டிக்கெட்டு விற்ற ஏஜெண்டிடம் போனார். "இது பணம் திரும்பாத டிக்கெட்டு, ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர் டிக்கெட்டுத் தாளோடு நம்மிடம் வந்தார். அதில் கட்டணம் என்று 9,000 ரூபாயும், வரிகளும் கட்டணங்களும் என்று 16,000 ரூபாயும் போட்டிருந்தது. "ஐயா, கட்டணம் போனால் போகட்டும். நான் ஏறாத விமானத்துக்குச் சர்க்கார் எப்படி வரி வாங்கலாம்? 16,000 ரூபாயாவது வரவேண்டாமா?" என்று அவர் கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் தாளை விரித்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் சங்கதி வெளியாயிற்று. அந்த 16,000 ரூபாயில் இரு பக்கத்து விமான நிலையங்களுக்கும் சேரவேண்டியது 4,000, ஜி.எஸ்.டி. வரி 1,000, பாக்கி 11,000 ரூபாய்க்கு எதிரில் 'ஒய்.க்யூ.' என்று இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்துத்தான் இன்று நம்முடைய பேச்சு.

தோழர்களே! ஒய்.க்யூ. என்றும் ஒய்.ஆர். என்றும் டிக்கெட்டில் காணப்படுவது, கம்பெனியே விதித்துக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் சர்சார்ஜின் அடையாளமாகும். எரிபொருள் சர்சார்ஜ் பெரும்பாலும் இந்த எழுத்துக்களின் கீழ்தான் வருகிறது. இதில் சர்க்காருக்கு ஒரு காசும் போவதில்லை. விமான நிலையத்துக்கும் போவதில்லை. முழுக்கக் கம்பெனியின் பெட்டிக்கே போகிறது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் எது? வரிகளின் பந்தி. வரிகளோடு வரியாக உட்கார்ந்துகொண்டால், பார்க்கிறவன் "இதுவும் சர்க்கார் போட்டதுதான், யாரைக் கேட்பது?" என்று தலையெழுத்தை நொந்துகொண்டு கொடுத்துவிடுகிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளபடி பார்த்தால், தேசம் விட்டுத் தேசம் பறக்கும் விமானத்தின் எண்ணெய்க்குச் சர்க்கார்கள் பெரும்பாலும் வரியே போடுவதில்லை. 1944-ம் வருஷத்தில் சிக்காகோவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் 24-வது ஷரத்து, ஒரு விமானம் தன்னோடு கொண்டுவரும் எண்ணெய்க்கு இறங்குகிற நாட்டில் சுங்கவரி கூடாது என்கிறது. பிறகு தேசங்கள் இரண்டிரண்டாகச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், அங்கே நிரப்புகிற எண்ணெய்க்கும் இந்தச் சலுகையை நீட்டிவிட்டன. ஆகவே, வரியில்லாத எண்ணெயின் பெயரால் வரிகளின் வரிசையில் நின்று வசூலாகிறது இந்தத் தொகை!

இதை நம் ஊர் வழக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தைக்குப் போக ஒரு வண்டி பேசுகிறீர்கள். வண்டிக்காரர், "வண்டிக்கூலி 90 ரூபாய், மாட்டுக்கு வைக்கோல் 110 ரூபாய் தனி" என்கிறார். நீங்கள் என்ன கேட்பீர்கள்? "அப்பா, மாடில்லாமல் வண்டி ஓடுமா? வைக்கோலில்லாமல் மாடு நடக்குமா? வைக்கோல் தனி என்றால் அந்த 90 ரூபாய் எதற்கு?" என்று கேட்கமாட்டீர்களா? எண்ணெய் ஊற்றாத விமானத்தில் ஏறிப் பறந்தவர் எவருமில்லை. எண்ணெய், விமானக் கூலியின் ஓர் அங்கம். அங்கத்தைத் தனியே எடுத்து அதற்கு வேறு பெயர் வைப்பானேன்?

நிற்க. கம்பெனிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது யோக்கியமாகாது. எண்ணெய் விலை அவர்கள் கையிலில்லை. அவர்களுடைய செலவில் ஏறக்குறையக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய்க்கே போவதுண்டு. டிக்கெட்டையோ பல மாதங்களுக்கு முன்பே விற்கவேண்டியிருக்கிறது. 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 145 டாலருக்கு மேல் போயிற்று. அதே வருஷம் டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்தது. இப்படி ஏறி இறங்கும் சரக்கை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறவர், கட்டணத்தை ஒரு நிலையில் வைத்து, எண்ணெய்க்காக மாத்திரம் ஒரு தொகையை ஏற்றி இறக்குகிறோம் என்றால் அதில் தப்பில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அப்படியானால் அது எண்ணெயோடு ஏறட்டும், எண்ணெயோடு இறங்கட்டும், இறங்குகிற கணக்கை எங்களுக்கும் காட்டட்டும். இதுதானே நேர்மை?

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

2014-ம் வருஷ நடுவில் 110 டாலருக்கு மேலிருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. விலை விழ ஆரம்பித்ததும் உலக முழுவதும் பிரயாணிகள், "சர்சார்ஜ் எங்கே இறங்குகிறது?" என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி 2015 ஜனவரியில் என்ன செய்தது தெரியுமா? வெளிநாட்டு டிக்கெட்டுகளில் சர்சார்ஜ் என்ற பெயரை எடுத்துவிட்டு, அந்தத் தொகையைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. மொத்தத்தில் டிக்கெட்டு விலை இதனால் குறையாது என்பதையும் கூடவே சொல்லிவிட்டது. எண்ணெய் ஏறும்போது அது எண்ணெய்க்காசு. எண்ணெய் இறங்கும்போது அது கட்டணம்! சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2017 மார்ச்சுக் கடைசியில் இப்படியே சர்சார்ஜைக் கட்டணத்தில் கரைத்தது. ஒரே விலையாகச் சொல்லுவது நல்லதுதான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் மறைந்ததனாலேயே தொகை மறைந்துவிட்டதென்று நாம் எண்ணிக்கொள்ளக்கூடாது.

இரண்டாவது, ஒரே விமானம், ஒரே வழி, ஒரே எண்ணெய். ஆனால் டிக்கெட்டு எந்த நாட்டிலிருந்து ஆரம்பிக்கிறதோ அதைப் பொறுத்துச் சர்சார்ஜ் மாறுகிறது. ஹாங்காங்கில் 2016 பிப்ரவரி முதல் 2018 அக்டோபர் வரை, அங்கிருந்து புறப்படும் பிரயாணிகளிடம் சர்சார்ஜ் வாங்க இடமில்லாமல் இருந்தது. அதே காலத்தில் வேறு ஊரில் ஆரம்பித்து ஹாங்காங் வரும் டிக்கெட்டுக்கு அந்தத் தடையில்லை. போகும்போது எண்ணெய் வேண்டாத விமானம் வரும்போது மாத்திரம் எண்ணெய் குடிக்குமா? அப்படியானால் இந்தத் தொகையைத் தீர்மானிப்பது எண்ணெய்த் தொட்டி அல்ல. எந்தச் சந்தையில் எவ்வளவு வாங்க முடியும், எந்தச் சர்க்கார் எவ்வளவு வாங்க விடுகிறது என்பதுதான்.

சரி, எண்ணெய்க்கல்லவென்றால் இந்தத் தனிப்பெயர் எதற்கு? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கட்டணத்தின் பேரில் பல பேருக்குப் பல பாத்தியதைகள் உண்டு. டிக்கெட்டு விற்கும் ஏஜெண்டுக்குக் கட்டணத்தில் இத்தனை வீதம் கமிஷன். மொத்தமாக ஆள் அனுப்பும் பெரிய கம்பெனிகளுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. அடிக்கடி பறப்பவர்களுக்குச் சேர்ந்திருக்கும் புள்ளிகளுக்குக் கட்டணமில்லாத இலவச டிக்கெட்டு. கட்டணத்தில் ஒரு பாதியைப் பிய்த்து அதற்குச் சர்சார்ஜ் என்று பெயரிட்டுவிட்டால், அந்தப் பாதிக்குக் கமிஷனும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, இலவசமும் இல்லை!

இது நம்முடைய சந்தேகமல்ல, விசாரணையில் வெளிவந்ததாகும். சரக்கேற்றும் விமானங்கள் விஷயத்தில் ஐரோப்பியக் கமிஷன் 2010 நவம்பரில் 11 கம்பெனிகளுக்குச் சுமார் 80 கோடி யூரோ அபராதம் போட்டது. 1999 டிசம்பர் முதல் 2006 பிப்ரவரி வரையில் எரிபொருள் சர்சார்ஜை இவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது ஒரு குற்றம். அந்தச் சர்சார்ஜின் பேரில் சரக்கு அனுப்பும் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் கொடுப்பதில்லையென்று ஒன்றுசேர்ந்து மறுத்தார்கள் என்பது இன்னொரு குற்றம். அந்தத் தீர்ப்பை முறைப் பிசகு காரணமாகக் கோர்ட்டு 2015-ல் தள்ளிவிட்டது; கமிஷன் பிசகைத் திருத்தி 2017 மார்ச்சில் மறுபடியும் 77 கோடியே 60 லட்சம் யூரோ போட்டது. ஆஸ்திரேலியாவிலும் டிக்கெட்டு ஏஜெண்டுகள் குவாண்டாஸ் பேரில் வழக்காடினார்கள். சர்சார்ஜும் கட்டணத்தில் சேர்ந்ததே, அதற்கும் கமிஷன் கொடுக்கவேண்டும் என்று 2010-ல் பெடரல் கோர்ட்டின் முழு பெஞ்சு தீர்ப்புச் சொல்லிற்று. பெயர் வேறானாலும் பொருள் ஒன்றே என்று கோர்ட்டே கண்டுவிட்டது.

இலவச டிக்கெட்டுக் கதையும் இப்படித்தான். புள்ளிகளைக் கொடுத்து இலவச டிக்கெட்டு வாங்கினவர்களிடம் நூற்றுக்கணக்கான டாலர் சர்சார்ஜ் வாங்கப்பட்டது. இதற்கும் எண்ணெய் விலைக்கும் சம்பந்தமில்லையென்று அமெரிக்காவில் 2012-ல் சில பிரயாணிகள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பேரில் வழக்குப் போட்டார்கள். அது 2018-ல் ராஜியில் முடிந்தது. அதே 2012-ம் வருஷம் அமெரிக்கப் போக்குவரத்து இலாகா, எரிபொருள் சர்சார்ஜ் என்று சொன்னால் அது உண்மையான எண்ணெய்ச் செலவை ஒட்டியிருக்கவேண்டும் என்று கண்டிப்பாய்ச் சொல்லிற்று. உடனே பல கம்பெனிகள் என்ன செய்தன? தொகையை எண்ணெய்க்குச் சரியாகக் குறைத்தனவா? இல்லை. பெயரை மாற்றின! எரிபொருள் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கம்பெனி விதிக்கும் சர்சார்ஜ் என்று பொதுவாகப் போட்டுக்கொண்டன. எண்ணெயென்று சொன்னால் கணக்குக் காட்டவேண்டும்; சொல்லாவிட்டால் காட்டவேண்டியதில்லை.

இனி லண்டன் சங்கதியைச் சொல்லுகிறோம். லண்டனிலிருந்து நெடுந்தூரம் பறக்கும் வழிகளில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வர்ஜின் அட்லாண்டிக்கும் ஒன்றுக்கொன்று போட்டிக் கம்பெனிகள். ஒருவன் விலையை ஏற்றினால் ஜனங்கள் மற்றவனிடம் போவார்கள் என்ற பயந்தான் போட்டியினால் நமக்குள்ள பாதுகாப்பு. 2004 ஆகஸ்டு முதல் 2006 ஜனவரி வரையில் இவ்விருவரும் குறைந்தது ஆறு தடவை சர்சார்ஜ் மாற்றத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள், அல்லது முன்கூட்டிச் சொல்லிக்கொண்டார்கள் என்பது பின்னால் வெளியாயிற்று. அந்தக் காலத்துக்குள் நெடுந்தூரப் போகவரச் சர்சார்ஜ் 5 பவுனிலிருந்து 60 பவுனாயிற்று. அந்தக் காலத்தில் எண்ணெய் விலை ஏறினது வாஸ்தவந்தான். ஆனால் 12 மடங்கா ஏறிற்று?

ஏற்றினவர்கள் இருவருமானதால் பிரயாணிக்குப் போக்கிடமில்லை. ஆனால் இதை எந்தப் பிரயாணியும் கண்டுபிடிக்கவில்லை. கூட்டாளியான வர்ஜின் அட்லாண்டிக்கே அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டது. முதலில் சொன்னதற்காக அதற்கு அபராதமில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2007 ஆகஸ்டு 1-ம் தேதி பிரிட்டனில் 12 கோடியே 15 லட்சம் பவுன் அபராதம் அறிவிக்கப்பட்டது. பிறகு 2012-ல் முடிவான தீர்ப்பில் அது 5 கோடியே 85 லட்சம் பவுனாகக் குறைந்தது. அமெரிக்காவில் பிரயாணிகள், சரக்கு இரண்டு விஷயத்துக்குமாக 30 கோடி டாலர் அபராதம். கொரியன் ஏர் கம்பெனியும் அதே ஆகஸ்டில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் கட்ட இசைந்தது. பிரயாணிகள் போட்ட வழக்கில் லண்டன் கம்பெனிகள் இரண்டும் 2008-ல் சுமார் 20 கோடி டாலர் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தன.

இதை ஏன் இவ்வளவு விரிவாய்ச் சொல்லுகிறோமென்றால், தனியாகப் பெயர் வைத்த தொகையைப் பற்றித்தான் கூடிப் பேச வசதி. ஆயிரம் வழிகளுக்கு ஆயிரம் கட்டணம் இருக்கும். அவற்றை யெல்லாம் இரண்டு கம்பெனிகள் உட்கார்ந்து ஒத்துப் பேசுவது லேசல்ல. ஆனால் எல்லா வழிக்கும் பொதுவாக ஒரே தொகை என்றால், ஒரு டெலிபோன் பேச்சில் முடிந்துவிடும். அதற்கு எண்ணெய் விலை ஏறிவிட்டது என்ற சாக்கும் கையில் தயாராயிருக்கிறது. கேட்கிறவனும் "ஆமாம், பேப்பரில் பார்த்தேன்" என்று தானே ஒத்துக்கொள்வான்.

அப்படியானால் இந்தத் தொகையை நியாயமாக வைக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஜப்பானைப் பாருங்கள். அங்கே பெரிய கம்பெனிகள் இரண்டும், சிங்கப்பூர்ச் சந்தையில் விமான எண்ணெய் இரண்டு மாதத்தில் சராசரி என்ன விலை விற்றது என்று எடுத்து, அதை யென் நாணயத்தில் மாற்றி, முன்கூட்டியே பிரசுரித்திருக்கும் அட்டவணையில் வைத்துப் பார்த்து, இரண்டு மாதத்துக்கொரு முறை சர்சார்ஜை நிர்ணயித்து வந்திருக்கின்றன. பீப்பாய் 6,000 யென்னுக்குக் கீழே இறங்கினால் சர்சார்ஜ் பூஜ்யம் என்பது ஏற்பாடு. ஏட்டில் மாத்திரமல்ல, 2016 ஏப்ரல் முதல் உண்மையிலேயே பூஜ்யமாயிற்று. எண்ணெய் மறுபடி ஏறவே, 2017 பிப்ரவரியில் திரும்ப வந்தது. தென்கொரியாவிலும் இப்படியே சிங்கப்பூர்ச் சராசரி ஒரு காலனுக்கு 150 சென்டைத் தாண்டினால்தான் சர்சார்ஜ். அதற்குமேல் 33 படிகள். 2022 ஜூலையில் 22-வது படி வரை ஏறிற்று. 2020-ல் கொரோனாக் காலத்தில் எண்ணெய் விழுந்தபோது பூஜ்யமாகவும் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் பிரயாணிக்கு லாபம் என்ன? சர்சார்ஜ் இல்லாமற் போவதல்ல. ஏறும்போது நன்றாய் ஏறத்தான் செய்கிறது. ஆனால் ஏன் ஏறிற்று, எப்போது இறங்கும் என்பதை ஒரு பள்ளிக்கூடப் பையன் பென்சிலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடலாம். டிக்கெட்டு வாங்கின தேதியைப் பொறுத்தே தொகை என்பதால், அடுத்த மாதம் இறங்குமென்று தெரிந்தால் காத்திருந்து வாங்கலாம். கணக்கு வெளியிலிருக்கும்போது கம்பெனியும் பிரயாணியும் சமமாக நிற்கிறார்கள். ஹாங்காங்கிலோ, 2018 நவம்பரில் சர்க்கார் தன் பிடியை விட்டுவிட்டது. அதன் பிறகு எவ்வளவு வைப்பது என்பது கம்பெனிகளின் இஷ்டமாயிற்று. ஒரே பெயருள்ள தொகை. ஓரிடத்தில் கணக்கு, ஓரிடத்தில் இஷ்டம். வித்தியாசம் எண்ணெயில் இல்லை. கேட்பவர் உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இண்டிகோ கம்பெனி 2023 அக்டோபர் 6-ம் தேதி முதல் எரிபொருள் கட்டணம் என்று ஒன்று போட்டது. தூரத்துக்குத் தக்கபடி 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை. மூன்று மாதமாக விமான எண்ணெய் ஏறிவிட்டதென்று காரணம் சொல்லிற்று. பிறகு விலை இறங்கவே 2024 ஜனவரி 4-ம் தேதி அதை எடுத்துவிட்டது. ஏறினபோது போட்டு, இறங்கினபோது எடுத்ததை நாம் ஒப்புக்கொள்ளவேண்டியதே. ஆனால் எந்த விலைக்கு மேல் போனால் போடுவோம், எந்த விலைக்குக் கீழே வந்தால் எடுப்போம் என்ற அட்டவணை நம் கையில் இருந்ததா? இல்லை. போடுவதும் அவர்கள் தயவு, எடுப்பதும் அவர்கள் தயவு என்றால், அதற்குப் பெயர் கணக்கல்ல.

இனி அந்தப் பெரியவரின் டிக்கெட்டுக்குத் திரும்புவோம். நம் நாட்டு விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் ஆபீசு, அதாவது டி.ஜி.சி.ஏ., 2016 ஆகஸ்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி என்ன சொல்லுகிறது? டிக்கெட்டை ரத்துச் செய்தால் கம்பெனி பிடித்துக்கொள்ளும் தொகை, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்ந்ததற்கு மேல் போகக்கூடாது என்கிறது. சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், பணம் திரும்பாத டிக்கெட்டானாலும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது. ஆகவே, "ஒன்றும் வராது" என்று ஏஜெண்டு சொன்னது தவறு; 16,000 ரூபாய் வருமென்று பெரியவர் நம்பினதும் தவறு. எழுதிக் கேட்டோம், இரண்டு தடவை எழுதினபிறகு 5,000 ரூபாய் வந்தது. 11,000 ரூபாய் சர்சார்ஜ் கட்டணத்தோடு கட்டணமாகப் போய்விட்டது.

பார்த்தீர்களா, தோழர்களே! வாங்கும்போது அது வரிசையில் வரியோடு நின்றது. ஏஜெண்டு கமிஷன் கேட்டால், "நான் கட்டணமல்ல" என்கிறது. புள்ளி வைத்திருப்பவன் இலவசம் கேட்டால், "நான் கட்டணமல்ல" என்கிறது. நோயாளி மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்த கிழவர், "வரியைத் திருப்பிக் கொடு" என்று கேட்டால் மாத்திரம், "நான் வரியல்ல, கட்டணம்" என்கிறது! கொடுக்கவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பெயர். வாங்கவேண்டிய இடத்திலெல்லாம் இன்னொரு பெயர்.

உண்மையில் அது என்ன என்பதற்கு அந்த டிக்கெட்டிலேயே சாட்சி இருந்தது. ஜி.எஸ்.டி. 1,000 ரூபாய் என்று சொன்னோமல்லவா? எகானமி வகுப்புக்கு அந்த வரி 100-க்கு 5 வீதம். 9,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 5 வீதம் என்ன? 450 ரூபாய். பின் 1,000 ரூபாய் எப்படி வந்தது? 9,000-மும் 11,000-மும் சேர்ந்த 20,000-க்கு 5 வீதம். சர்க்கார் வரி போடும்போது இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, இதுதான் விலை என்று போட்டுவிட்டது. வரி வாங்குகிறவனுக்குத் தெரிந்தது, பணம் கொடுக்கிற நமக்குத் தெரியவேண்டாமா?

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? விமானத்தில் ஏறாதீர்கள் என்று சொல்லவரவில்லை. ஏறுங்கள்; நன்றாய் ஏறுங்கள். ஆனால் 9,000 ரூபாய் டிக்கெட்டு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கடைசியில் கட்டவேண்டிய மொத்தம் என்ன என்பதை மாத்திரம் கேளுங்கள். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டால் மொத்தத்தோடு மொத்தத்தையே ஒப்பிடுங்கள். ஐரோப்பாவில் 2008-ம் வருஷச் சட்டமும், அமெரிக்காவில் 2012 ஜனவரி முதல் அமலான விதியும் மொத்த விலையைக் காட்டித்தான் விளம்பரம் செய்யவேண்டுமென்று கட்டாயப்படுத்தியதற்குக் காரணம் இதுதான். பணம் கட்டுமுன் விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள், அதில் ஒய்.க்யூ., ஒய்.ஆர். எதிரே எவ்வளவு என்று பாருங்கள். அது பெரிதாயிருந்து, டிக்கெட்டும் பணம் திரும்பாத வகையாயிருந்தால், பிரயாணம் நின்றால் அந்தத் தொகை திரும்பாமற் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். பிரயாணம் நின்றுவிட்டால், "ஒன்றும் வராது" என்ற வாய்வார்த்தையைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர்களின் 5,000 ரூபாய்கள் எங்கே தங்குகின்றன என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, "ஜப்பானில் காட்டுகிற அட்டவணையை இங்கே ஏன் காட்டக்கூடாது?" என்று சர்க்காரையும் கம்பெனிகளையும் கேட்கவேண்டும். எண்ணெய் இத்தனைக்கு ஏறினால் இத்தனை, இத்தனைக்கு இறங்கினால் பூஜ்யம் என்று எழுதிவைத்து வாங்கட்டும், மனமாரக் கொடுப்போம். எழுதிவைக்க முடியாதென்றால் எண்ணெயின் பெயரை விட்டுவிட்டு, கட்டணம் இவ்வளவு என்று ஒரே விலையாகச் சொல்லட்டும். முடிந்தால் வாங்குவோம், முடியாவிட்டால் அடுத்த கம்பெனியைப் பார்ப்போம். இந்த இரண்டில் ஒன்று வேண்டும்.

அந்தப் பெரியவர் 5,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்த அன்று நம்மிடம், "போன 11,000-த்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை ஐயா, அது என்னவென்று தெரியாமலே கொடுத்தேனே, அதுதான் வருத்தம்" என்றார். அவர் மறுபடியும் டிக்கெட்டு வாங்கப் போகிறார். இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போகிறார். நீங்களும் அப்படியே செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.